கறுப்புக் கோட்டுக்குள் கிறுக்கல்

"முதல்ல அவ கையில இருக்கற சாக்பீஸைப் பிடுங்குடி!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கத்தினான் கணவன். கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?"

"நேத்து வக்கீலம்மாவுக்குக் கோட்டு தைச்சுக் குடுத்தியே, அதோட உள்பக்கம் பூரா உன் பொண்ணு கிறுக்கி வெச்சிருக்கா! கோர்ட்டுல அவங்க கோட்டைக் கழட்டினதும் எல்லாரும் பார்த்துச் சிரிச்சிருக்காங்க. குமாஸ்தாவை நிக்க வெச்சு அந்தம்மா கத்தின கத்தல் என் கடை வரைக்கும் கேட்டுச்சு. இப்ப நம்ம வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்காங்க."

வக்கீலம்மா லேசுப்பட்ட ஆளா என்ன? பட்டன் கொஞ்சம் கோணலாக இருந்தாலே கோட்டைத் தூக்கி எறிகிறவள். அவள் சொல்லித்தான் கோர்ட்டுக் கறுப்புக் கோட்டெல்லாம் இந்த வீடு தேடி வருகிறது. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

மெஷினுக்கு அடியில் நாலு வயசு வாலு, வெட்டுத் துணி ஒன்றை விரித்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தது. கோடு, வட்டம், நடுவில் ஒரு கோழிக்கால்.

"என்ன எழுதியிருக்கே கண்ணு? அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

வாலு விரல் வைத்துப் படித்தது. "அப்பா... கத்தாதே."

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "கொஞ்சு, நல்லாக் கொஞ்சு! எல்லாம் நீ குடுக்கற இடம். அந்தம்மா முன்னாடியே ரெண்டு போடு போட்டு, 'இனிமே சாக்பீஸைத் தொடமாட்டேன்'னு இவளைச் சொல்ல வை. அப்பதான் அவங்க கோபம் தணியும்."

"முடியாது."

"என்னது?"

"சுவத்துல எழுதினேன்னு என் விரல்லயே போட்டாங்க சின்ன வயசுல. அப்புறம் பென்சிலைப் பார்த்தாலே பயம் எனக்கு. என் பொண்ணுக்கு அது வேணாம்."

"பொழைப்பு போயிடும்டி!"

"போகட்டும்."

வாசலில் நிழல் தட்டியது. கையில் கோட்டுடன் வக்கீலம்மா. முகம் கடுகடுவென்று இருந்தது.

அவள் சட்டென்று எழுந்து மகளை மறைத்து நின்றாள். படபடவென்று பேச ஆரம்பித்தாள்.

"நீங்க பேசறதுக்கு முந்தி நான் பேசிடறேன் வக்கீலம்மா. பார்க்காம குடுத்தது என் தப்பு. வேற கோட்டு தைச்சுத் தரேன், கூலி வேணாம். ஆனா பிள்ளையை அடிக்கமாட்டேன். சாக்பீஸையும் பிடுங்கமாட்டேன். உங்களுக்கெல்லாம் அது கிறுக்கல். அவளுக்கு அது எழுத்து. நான் என்னன்னு கேட்டா, அவ படிச்சுச் சொல்றா. நாளைக்கு நிஜ எழுத்து வந்துட்டுப் போகுது, இப்ப என்ன அவசரம்? இதுக்காக நீங்க வேற தையல்காரியைப் பார்த்துக்கிட்டாலும் சரி!"

"ஐயோ மேடம், இவ ஏதோ புத்தி கெட்டு..." என்று நடுவில் பாய்ந்தான் கணவன்.

"முடிச்சாச்சா?" என்றாள் வக்கீலம்மா. அவளைத் தாண்டிப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கோட்டைப் புரட்டி வாலு முன்னால் விரித்தாள். உள்பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"நேத்து நீ பை எடுக்க உள்ளே போனப்ப, இதுல என்ன எழுதியிருக்கேன்னு இவகிட்ட கேட்டேன். 'பயப்படாதே, நான் உள்ளேயே இருக்கேன்'னு படிச்சுக் காட்டினா. இத்தனை வருஷமாச்சு, இன்னமும் ஜட்ஜ் முன்னாடி எழுந்து நின்னா எனக்குக் கை நடுங்கும்மா. இன்னைக்குக் காலையிலதான் நடுங்கல."

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அடுத்த நொடியே பழைய அதட்டல் வந்துவிட்டது.

"அதைப் போய் அழுக்குன்னு நினைச்சு அந்தக் குமாஸ்தா துடைச்சுத் தொலைச்சுட்டான்! மத்தியானம் எனக்கு வாதம் இருக்கு. சீக்கிரம் மறுபடி எழுதித் தரச் சொல்லு."