தண்ணீர் இல்லாத தொட்டி

"என்ன பொடிசு, பயமா?"

"இல்லியே" என்றாள் எஸ்மி, சட்டென்று.

"அப்புறம் எதுக்கு அந்தக் காகிதத்தை இந்தக் கசக்கு கசக்குற? பாவம், அது என்ன பண்ணுச்சு உன்னை?"

டூகல் கரகரவென்று சிரித்தார். ஆறடி உயரம். பதினைந்து வருடமாக வீடியோ கேம் வில்லன்களுக்கு உடம்பைக் கொடுப்பவர். லண்டனின் அந்த அரங்கில் இருவரும் கறுப்பு உடுப்பில் நின்றார்கள், உடம்பெல்லாம் வெள்ளை மணிகள். சுற்றியிருந்த கேமராக்கள் அந்த மணிகளின் அசைவை மட்டும் பிடிக்கும். தண்ணீரும் ரத்தமும் பிறகு கணினியில் சேரும்.

எஸ்மிக்குப் பத்தொன்பது வயது. இது முதல் வேலை. 'ஒரு சண்டைக் காட்சி' என்றுதான் போன வாரம் சொல்லியிருந்தார்கள். கூடவே வந்த படிவத்தில் 'எதையெல்லாம் செய்ய மாட்டீர்கள்?' என்று ஒரு கேள்வி. 'எதுவுமில்லை' என்று எழுதினாள். வேறு எதையாவது எழுதினால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று பயம்.

இன்று காலைதான் காட்சி கைக்கு வந்தது. வில்லன் அவளை இழுத்து வந்து, தொட்டித் தண்ணீரில் தலையை அமுக்கிக் கொல்கிறான்.

எட்டு வயதில் மார்கேட் கடலில் ஓர் அலை அவளை அப்படித்தான் அமுக்கியது. இன்றும் குளிக்கும்போது கதவைத் தாழிடமாட்டாள்.

"தொட்டியில தண்ணியே கிடையாது எஸ்மி, வெறும் பிளாஸ்டிக் டப்பா" என்றார் இயக்குநர் நெவில். "சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம். யாருக்காவது முடியலன்னா 'சிவப்பு'ன்னு சொல்லுங்க, நிறுத்திடுவோம். சரிதானே?"

தலையாட்டினாள். தண்ணீரே இல்லாத தொட்டியைப் பார்த்துப் பயம் என்று எந்த வாயால் சொல்வது?

டூகல் அவள் மணிக்கட்டைப் பற்றினார். இரும்புப் பிடி. தரதரவென்று இழுத்து வந்து மண்டியிட வைத்தார். நீல டப்பாவின் அடி தெரிந்தது. மூக்கில் உப்பு வாசனை ஏறியது. சிவப்பு, சிவப்பு என்று உள்ளே கத்தினாள். நாக்கு எழவில்லை.

"சிவப்பு."

சொன்னது டூகல்.

நெவில் நிமிர்ந்தார். "என்னாச்சு?"

"என் மக..." டூகல் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஆறு வயசுல ஆத்துல போயிட்டா. இதான் காட்சின்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்கமாட்டேன்."

நெவில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க டூகல். தப்பு எங்க மேலதான். ஆனா இந்தக் காட்சி இல்லாம கதை இல்ல. உங்களால முடியாதுன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

"பாருங்க. வர்றவன்கிட்டயும் இந்தப் பொண்ணுகிட்டயும் எல்லாத்தையும் எழுதிக் குடுத்து, திரும்பக் கேளுங்க."

"இன்னிக்கே புதுப் படிவம் அனுப்பறேன்" என்றார் நெவில்.

எஸ்மிக்கு மூச்சு வந்தது. கூடவே வெட்கமும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் வாய்விட்டுச் சொன்னார். தன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

வாசலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ஓடினாள்.

"டூகல், உங்க மக விஷயம் எனக்குத் தெரியாது. ரொம்பக் கஷ்டமா இருக்கு. வேலையும் போச்சே உங்களுக்கு."

"புதுப் படிவம் வரும் பொடிசு. இந்தத் தடவையாவது உண்மையை எழுது."

அவளுக்குப் புரியவில்லை. "உங்க பொண்ணு பேரு என்ன?"

"எனக்கு ஏது பொண்ணு? கல்யாணமே ஆகலை." கதவைத் தள்ளியவர் திரும்பினார். "உன் மணிக்கட்டைப் பிடிச்சேன்ல... நாடி அந்த அடி அடிச்சுது."