எட்டாவது பெயர்

"பெத்த பிள்ளைக்கு விளக்கேத்த வரமாட்டியள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மட்டும் பூ வைப்பியளோ?"

நகுலேசன் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவீரர் நாளுக்கு, இயக்கத்தில் இருந்து செத்த அக்னெஸின் மகனின் படம் கேட்டு மூன்று தடவை மொன்றியலில் அவள் வாசற்படி ஏறி இறங்கியாயிற்று. அவள் கதவைத் திறக்கவேயில்லை. லவாலுக்கும் அப்பால், அவள் வேலை செய்யும் கோழிப்பண்ணைக்குக் காரில் வந்தால், பக்கத்துச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே ஒரு கற்சிலைச் சிப்பாயின் காலடியில் நிற்கிறாள்!

"இவன் உங்களுக்கு என்ன சொந்தமோ?"

"கத்தாமல் கல்லிலை இருக்கிற பேரை வாசியுங்கோ, மாஸ்டர்."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். எட்டுப் பெயர்கள். ஏழு பேருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. எட்டாவது ஆளுக்கு மட்டும் நாற்பத்தொன்று. எட்டுப் பேரும் செத்தது ஒரே நாளில்.

"ஆர் இந்தக் கிழவன்?"

"இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். பெடியளைச் சண்டைக்குச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தானாம். சேமக்காலை பாக்கிற மனிசன் சொன்னவர்."

"அவருக்கோ பூ?"

"ஓம். கூட்டிக்கொண்டு போனவர், அவங்களோடையே செத்தும் போனார்."

மாஸ்டர் நிமிரவில்லை.

"தொண்ணூறாமாண்டு பத்தாம் வகுப்பிலை இருந்த என்ரை பிள்ளையை இயக்கத்துக்கு எழுப்பிக்கொண்டு போனது நீங்கள். உங்கடை பேரை நான் எந்தக் கல்லிலை தேட, மாஸ்டர்?"