இரண்டாவது கதவு

சட்டமன்ற உறுப்பினரான என் கணவர் சீனியப்பன், பட்டாசு ஆலையின் ஒற்றைக் கதவு அறையொன்றைப் பார்வையிடப் போனபோது அது வெடித்தது; அவர் வெளியே வரவில்லை. பதவிக்காலம் முடியும்வரை, அவருடைய பழைய உரைகளைக் கற்ற இயந்திரம் அவர் இருக்கையிலிருந்து பேசும், வாக்களிக்கும்.

அன்று, பட்டாசு அறைகளுக்கு இரண்டாவது கதவு கட்டாயமில்லை என்ற மசோதா வந்தது. என் தங்கை முத்துமாரி வேலை செய்வதும் ஒற்றைக் கதவு அறையில்தான். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் குரல் பத்து நிமிடம் கொதித்தது. செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. பிறகு, "மசோதாவை ஆதரித்து அமர்கிறேன்" என்றது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது.

அவை அதிகாரியிடம் ஓடினேன். "ஐயா, அது பேச்சை முடிக்கிற வழக்கம்ங்க. ஆளுங்கட்சிக்காரங்க எவ்வளவு திட்டினாலும் அப்படித்தானே முடிப்பாங்க?"

"நாப்பத்தொரு தடவை சொல்லியிருக்காரும்மா. ஒரு தடவகூட எதிர்க்கிறேன்னு சொல்லி உட்காரலையே."

"அப்ப அவரை விட்டுடுங்க. ராஜினாமா நான் எழுதித் தர்றேன்."

"உறுப்பினர்தாம்மா தரணும். வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

காலியான அவையில் அந்த இருக்கையின் முன் நின்றேன்.

"என்னங்க, நான் கோமதி. போதும், வந்துடுங்க."

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே," என்று அவர் குரல் என்னிடம் பேசத் தொடங்கியது.