பந்து விழுந்த இடம்

"துரை உன்னைப் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கூட்டிக்கொண்டு போகப் போறாராம். என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார் கணக்கெழுதும் கிராணி கந்தவனம்.

"நான் வரலைங்க" என்றான் சடையன்.

ஊர் ஊராகப் போய்க் காசுக்குக் கோல்ஃப் ஆடுகிற துரை அவர். சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டிய குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலிருந்த கோல்ஃப் மைதானத்தில் இந்த சீசன் முழுவதும் அவருடைய மட்டைகளைச் சுமந்தவன் சடையன். பந்து எந்தப் புதரில் விழுந்தாலும் நேராகப் போய் நிற்பான்.

"விசரா! உன்னைப்போல கண் ஒருத்தருக்கும் இல்லையெண்டுதானே எல்லாரும் சொல்லுறாங்கள்!"

"பொண்டாட்டிய விட்டுட்டு வரமுடியாதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொலைவில் புல்லறுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

கிராணி அதைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னார். துரை சிரிக்கவில்லை, பதிலுக்கு நிதானமாக ஏதோ சொன்னார். கேட்ட கிராணி, சடையனின் கண்களை உற்றுப் பார்த்தார்.

"பந்து விழுந்த இடத்துக்கு ஓடிப்போய் அவள் புல்லறுக்கிறதை துரை முதல் நாளே கண்டிட்டாராம். தூரத்தில உனக்குப் பந்து தெரியாதாம். அவளின்ர சிவப்புச் சேலை மட்டும்தான் தெரியுமாம்."

சடையன் தலைகுனிந்தான்.

"அதால, கப்பலுக்கு ரெண்டு சீட்டு எடுத்திட்டாராம்."