பின்காற்று

“ஏம்மா, இந்த விமானத்தைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்ல முடியாதா?”

ஜன்னலோர அம்மாள் கேட்டதும் பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமதத்துக்காக இத்தனை வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். சீக்கிரம் போகிறதென்று குறைப்பட்ட முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

அம்மாளைக் கலக்கியது விமானியின் அறிவிப்பு. நானூறு கிலோமீட்டர் தூரத்துக்கு டிக்கெட்டில் போட்டிருந்தது ஒன்றேகால் மணி நேரம். பின்னாலிருந்து காற்று நன்றாகத் தள்ளுவதால் முக்கால் மணியிலேயே இறங்கிவிடலாம் என்றார் அவர். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாளின் முகம் மட்டும் செத்துப்போனது.

அவளுக்கு அடுத்த இருக்கையில் மகன், எலும்பும் தோலுமாக. கழுத்துவரை போர்வை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து அம்மாள் ஊட்ட, முப்பது வயதுப் பிள்ளை குழந்தை மாதிரி வாயைத் திறந்தான். நடைபாதைப் பக்கம் கட்டுமஸ்தான ஒரு மனிதர். ஏறியதுமே அந்தப் போர்வையைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். தாய்மாமனாக இருக்கும் என்று பணிப்பெண் நினைத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகிறார்கள். இது கூடவா தெரியாது?

“ரயில்னா ஒரு ராத்திரி முழுக்க ஆகும். ரயில்லயே போலாம்னு கெஞ்சினேன், கேக்க மாட்டேன்னுட்டாங்க” என்றாள் அம்மாள்.

இந்த உடம்போடு ரயிலா? மாமன் விவரமானவர். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் நல்லதுதானே, மகன் தேறி இதே விமானத்தில் திரும்பி வருவான் என்று பணிப்பெண் தேற்றினாள். அம்மாள் மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சக்கரம் தரையைத் தொட்டபோதும் கையை எடுக்கவில்லை.

மற்றவர்கள் இறங்கி முடிக்கும்வரை மூவரும் அசையவில்லை. பிறகு மாமன் எழுந்தார், மகனையும் எழுப்பினார். மகன் குனிந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். மாமன் எங்கோ பார்த்தபடி நின்றார். கடைசியில் அவர் மகனின் தோளைத் தொட்டதும் அவன் நிமிர்ந்து நடந்தான்.

அம்மாள் எழவே இல்லை.

“நீங்க இறங்கலையாம்மா?”

“இதே விமானத்துலதான் எனக்குத் திரும்பற டிக்கெட்” என்றாள் அவள். “காத்து கொஞ்சம் எதிர்த்து அடிச்சிருக்கக் கூடாதா?”

பணிப்பெண்ணுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாகக் கிடக்கிற பிள்ளையை வாசலோடு விட்டுவிட்டுத் திரும்புகிற தாயும் உண்டா? அந்தக் கோபத்தோடு திரும்பினால், போர்வை வாசலைத் தாண்டப் போகிறது. ஒன்று குறைந்தாலும் அவள் தலைதான் உருளும். ஓடிப்போய் அதன் நுனியைப் பிடித்தாள்.

அந்த மனிதர் அவள் கையை மெல்ல விலக்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஜெயில் வண்டியில ஏத்திட்டுக் குடுத்தனுப்பறேம்மா. கைவிலங்கை அந்தம்மா பாக்க வேண்டாம்.”