இரும்பு எழுத்து

கடைசி எழுத்தை முதலில் வைத்தாள்.

வார்ப்பு மணலில் அப்படித்தான். மர எழுத்தைக் கவிழ்த்து அழுத்தினால் பள்ளம் இடவலம் மாறி விழும். இரும்பை ஊற்றி, ஆறவிட்டு, பலகையைப் புரட்டினால்தான் வரி நேராகும்.

அதுவரை பட்டறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பலகை, பழைய உலைக்கு.

இரும்பாலையில் மிஞ்சியது அது மட்டுமே. கொட்டகைகளும் தண்டவாளமும் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. செங்கல் உலை மட்டும் இரண்டு பனை உயரத்துக்கு, இடுப்பில் இரும்புப் பட்டைகளோடு, அசையாமல் நின்றது. வரதராசன் முதலாளியின் பேரன் அதைச் சுற்றி வேலி கட்டி நினைவுச்சின்னம் ஆக்கிவிட்டான்.

அவள் அப்பா செத்தது அதன் வாசலில்.

முந்தின நாள் மழை. இரும்பு ஓடும் வாய்க்கால் காயவில்லை, இன்று திறக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார் அப்பா. முதலாளி திறக்கச் சொன்னார்.

உருகிய இரும்புக்கு ஈரம் ஆகாது. வெடித்தது.

அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். விசாரணையில் முதலாளி சொன்னதை மன்னிக்கவில்லை. செங்கோடன் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்றார்.

கோயிலில் தரும் பானகத்தையே முகர்ந்து பார்த்துக் குடிக்கிற மனிதர் செங்கோடன். ஊருக்குத் தெரியும். ஆனால் ஊரே அந்த உலையை நம்பித்தான் சோறு தின்றது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

குடிகாரன் மகள். முப்பத்தொரு வருடமாக அதுதான் அவள் பெயர்.

பேரன் பம்பாயில் வளர்ந்தவன். பலகைக்காகத் தானே பட்டறைக்கு வந்திருந்தான்.

“தாத்தாதான் இந்த ஊருக்கு ஃபர்னஸ் கொண்டு வந்தாரு. அதைத் தமிழ்ல அழகா ஒரு வரி போடுங்கக்கா.”

காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தான். எல்லாம் அவனுக்குத் தெரிந்த சொற்கள்தான். சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. வந்ததை மணலோடு சேர்த்துத் தட்டி இறுக்கினாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பலகையை உலையின் இரும்புப் பட்டையோடு சேர்த்து அடித்தாள். பழுக்கக் காய்ச்சிய ஆணிகள். ஆறு.

விழாவுக்கு ஊர் மொத்தமும் வந்திருந்தது.

பேரன் துணியை விலக்கினான். மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, தானே படித்தான்.

“வரதராசன். இந்த ஊருக்கே... உலை... வைத்தவர்.”

யாரும் இருமக்கூட இல்லை.

பிறகு ஒரே ஒருவர் கைதட்டினார். அன்று அப்பாவோடு நின்று ஒரு காலை இழந்த மாதப்பன். அடுத்து அவர் பக்கத்தில் இருந்தவர். அதற்கடுத்து ஊரே.

நிறுத்தவேயில்லை.

பேரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தைக் கும்பிட்டான். இறங்கி நேரே அவளிடம் வந்தான்.

“பலகை எத்தனை வருஷம் தாங்கும்க்கா?”

“செங்கோடன் மக வார்த்ததுங்க தம்பி. உலை நிக்கிற வரைக்கும் நிக்கும்.”