தோணி எடுக்காத நாள்

“கல்லு மூழ்கிட்டா தோணி எடுக்கிறதில்ல மொதலாளி. இந்தத் துறையில அதுதான் வழக்கம்.”

சொல்லிவிட்டுக் காளிமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். இரவெல்லாம் மலையில் கொட்டிய மழை. லேவெல்லைத் துறையில் மகாவலி செம்மண் நிறத்தில் ஓடியது. கரையோரத்து அடையாளக் கல் தண்ணீருக்குள் போயிருந்தது.

கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீதுக்குக் கால் தரிக்கவில்லை. அக்கரையில், மடவளையில், மகள் கைரியாவுக்குப் பிரசவ வலி. தலைப்பிள்ளை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தால் சுற்றிப் போகவும் வழியில்லை. மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது.

“கல்லு மூழ்கி ஒரு சாணும் இல்ல. எடு தோணிய.”

“முடியாதுங்க.”

“உம்மா இல்லாத புள்ள அது. தனியக் கெடந்து துடிக்குது. ஒனக்குப் புள்ளகுட்டி இருக்கா?”

“ஒரு பய இருக்கான்.”

“அப்ப இந்த வேதன ஒனக்குத் தெரிய வேணாமா? நெஞ்சா அது?”

காளிமுத்து அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றான். வேரோடு பிடுங்கிய பலாமரம் ஒன்று நடு ஆற்றில் உருண்டு போனது. துறையில் காத்திருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஹமீது மட்டும் ஓயவில்லை.

“தகப்பன் மனசு தெரியாத மனுஷன்!”

உச்சி சாய்ந்தபின் கல்லின் தலை தெரிந்தது. யாரும் சொல்லுமுன்பே காளிமுத்து கயிற்றை அவிழ்த்துவிட்டான். மூச்சு வாங்க வாங்கக் கம்பு போட்டான்.

“இப்ப மட்டும் என்ன அவசரம்?” என்று முணுமுணுத்தார் ஹமீது.

அக்கரையில் மருமகன் பஹ்மி ஓடிவந்தான்.

“மாமா, ஆம்புளப் புள்ள! ரெண்டு பேரும் சுகம்.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

கண்ணைத் துடைத்துக்கொண்ட ஹமீது, தோணிக்காரனுக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லத் திரும்பினார்.

தலைவிரிகோலமாய் ஒரு பெண் காளிமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“விடியக்காலையில நம்ம பயலுக்கு இழுப்பு வந்திருச்சு. செத்துப் பொழச்சான். இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கான். இந்தக் கரையில நின்னு சீலைய வீசி வீசிக் கூப்புட்டேனே, ஒங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சிச்சு” என்றான் காளிமுத்து.